ஈறு நிறத்து டாங்கி

புதன்கிழமை காலையில் டாங்கிக்கு வியர்த்திருந்தது.

மழைச்சாரல் தெறித்திருக்கும் என்றுதான் பல்செட்காரர் முதலில் நினைத்தார். மூன்று நாளாக வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சுவரெல்லாம் ஓதம் காத்து, கொடியில் கிடந்த சட்டைகள் காயாமல் தவளை நாற்றம் அடித்தன. ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது. மேஜை காய்ந்திருந்தது. மேஜை மேல் விரித்த செய்தித்தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தப் பிளாஸ்டிக் போர் டாங்கியின் விலாவில் மட்டும், நேற்று அவர் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிய இடத்தில், கடுகைவிடச் சின்ன முத்துகளாக ஏதோ பூத்து நின்றது. விரலால் தொட்டு எடுத்தார். விரல் விலகியது, ஈரம் விலகவில்லை. நூலாக நீண்டது. நீண்டு, நடுவில் தொய்ந்து, அறுந்து, அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

இப்படி நூல் விடுகிற ஈரம் ஒன்றே ஒன்றுதான், எச்சில். நாற்பத்தோரு வருஷம் அதில்தான் அவர் கை ஊறியிருந்தது.

பசை கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவிவிட்டு இன்னொரு தடவை கழுவினார்.

அதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த மனிதருக்கு அருவருப்பு என்ற ஒன்றே பிறவியில் கிடையாது. ஊரில் பாதி வாய்கள் அவருக்கு அத்துப்படி. விருந்தில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு ஒருவர் சாக்கடையில் வாந்தி எடுக்க, கூடவே விழுந்த பல்செட்டைக் குச்சியால் துழாவி எடுத்து, அலசி, பாலிஷ் போட்டு, அவர் வாயிலேயே மாட்டிவிட்டு, அதே கையால் தேநீர் குடித்தவர். செத்துப்போன ஒருத்தர் வாயில் இறுகிக்கொண்ட செட்டை, "அண்ணே, கொஞ்சம் பெரிசாத் தொறங்க" என்று கேட்டு வாங்கினார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி புளுகு. மீதிப் பாதியே போதும்.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு தடவை கை கழுவினார்.

வயதாகிக் கடையை ஒரேயடியாக மூடிய பிறகு அவர் கை சும்மா இருக்க மறுத்தது. பிளாஸ்டிக் மாதிரிகள் செய்ய ஆரம்பித்தார். கப்பல், விமானம், ரயில் எஞ்சின் என்று வீடு நிறைந்தது. மனைவிக்குக் கப்பல்மேல் வருத்தமில்லை, நாற்றத்தின்மேல்தான். பசை நாற்றம், பெயின்ட் நாற்றம், அரம் போட்ட பிளாஸ்டிக் தூளின் கருகல் நாற்றம். அவள் மூக்கு சாதாரண மூக்கில்லை. பக்கத்துத் தெருவில் பால் பொங்கினால் இங்கிருந்து அடுப்பை அணைக்கச் சொல்லுவாள். முப்பத்தாறு வருஷம் அடுத்தவன் வாய் நாற்றத்தோடு குடும்பம் நடத்தியாயிற்று, இனிமேல் ஆகாது என்று சொல்லி, பதினைந்து நாளைக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கத்திவிட்டுப் போயிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். துணிகளை நிதானமாக மடித்து வைத்துவிட்டுப் போனாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் வருவேன். வாசல்ல நின்னு மோந்து பார்ப்பேன். நாத்தம் இருந்தா அப்படியே திரும்பிடுவேங்க. அக்கா மாடி ரூமை ஒழிச்சே வெச்சிருக்கா."

இந்த டாங்கிதான் கடைசி, முடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாட்டில்களையெல்லாம் கொட்டிவிடுவேன் என்று சத்தியம் செய்தார். சத்தியம் உண்மை. பதினைந்து நாளில் அவர் கண்டுபிடித்தது, வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிற வீடு மாதிரி ஒரு கொடுமை கிடையாது என்பதுதான். மத்தியானம் அவர் தன் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தூங்கும்போது, "வாசக் கதவைச் சாத்துங்க, பூனை உள்ள போயிடும்" என்று அவர் திறந்த வாயைத் தட்டிவிட்டுப் போக ஆளில்லை.

டாங்கி என்றால் இப்போது சினிமாவில் பார்க்கிற, தலையைத் திருப்புகிற டாங்கியில்லை. மனிதன் முதன்முதலில் கட்டிய ஜாதி. தலையும் கிடையாது, கழுத்தும் கிடையாது. இரண்டு பக்கமும் மேலே ஏறி, உச்சிவழியாகச் சுற்றி, கீழே இறங்கும் சங்கிலிப் பட்டையோடு, மிதித்து நசுக்கிய மரவட்டை மாதிரி ஒரு உருவம். அதற்குள்ளே எட்டுப் பேர். நடுவில் மூடியே இல்லாமல் எஞ்சின் கொதிக்கும், புகை உள்ளேயே சுற்றும், ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டு போருக்குப் போவார்கள் என்று அவர் படித்திருந்தார். படித்ததும் குஷியாகிவிட்டது. மாதிரி செய்கிறவர்களிடம் ஒரு கிறுக்கு உண்டு: மூடி ஒட்டிய பிறகு எந்தக் கண்ணும் பார்க்க முடியாத உட்புறத்தைத்தான் உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். அவரும் ஒற்றை மயிர்த் தூரிகையால் எஞ்சினுக்கு எண்ணெய்க் கறை பூசினார். தரையில் மஞ்சள் வார்னிஷைச் சொட்டி வாந்தி செய்தார். அதில் தொட்டுத் தொட்டு இரண்டு பருக்கைகூட வைத்தார்.

டாங்கியின் பாகங்கள் வந்த பெட்டியில் ஆட்கள் இல்லை. அங்கேதான் அவர் புத்தி தடம் மாறியது.

பல்செட் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராதவர்களின் செட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள், உடைக்க மாட்டார்கள், அதிலிருந்து ஒரு பல்லை எடுத்து வேறு ஆளுக்கு வைக்கவும் மாட்டார்கள். உடம்புதான் வரவில்லை, வாய் இங்கே காத்திருக்கிறது. நாற்பத்தோரு வருஷத்தில் அப்படி அவரிடம் எட்டு வாய் சேர்ந்திருந்தது. அலமாரியின் மேல்தட்டில், மூடி போட்ட ஜாடியில், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு.

எட்டு ஆள் வேண்டும். எட்டுச் செட் இருக்கிறது. சரியாக வருகிறதே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு செட்டிலும் ஒரு முன்பல்லைப் பெயர்த்து, துளைக்கருவியால் கடைந்து கடைந்து, நகத்தளவு மனிதனாக்கினார். ஒருவன் பட்டையை முடுக்குகிறான், ஒருவன் குண்டைத் தூக்குகிறான், எட்டாமவன் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து வாந்தி எடுக்கிறான். குனிந்தவன் அச்சு அசலாக வந்திருந்தான். அவன் வாயைக்கூட ஊசி முனையால் திறந்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மூடி ஒட்டினார். விலாவில் ஒரு நூலிடைவெளி நின்றது. அடைக்கிற மாவு குழாயிலேயே கல்லாகிக் கிடந்தது. மழையில் யார் கடைக்குப் போவது? பல் பெயர்த்த செட்களில் மிச்சமிருந்த ஈறு நிறத் தகடுகளை அரைத்த தூள் மேஜையில் குவிந்திருந்தது. ஈறு வார்க்கிற பல்செட் லிக்விட் பாட்டிலும் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டையும் குழைத்துப் பூசினார். பத்து நிமிஷத்தில் இறுகியது. தன்னை மெச்சிக்கொண்டார். அந்த லிக்விட் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பது தனித்தனியாக இரண்டையும் கரைத்துக் குடித்த அவருக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அந்த விலாதான் வியர்த்தது.

புதன் மத்தியானம் அதன்மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார். வியாழக்கிழமை காலையில் பெயின்ட் தோலாக உரிந்து செய்தித்தாளில் சுருண்டு கிடந்தது. நூலளவு பூசிய இளஞ்சிவப்பு, விரலளவு அகன்று, வழவழவென்று, ஈரமாக, பட்டையின் அடிவரை இறங்கியிருந்தது. பக்கத்தில் போனாலே ஒரு நாற்றம். பசை நாற்றமில்லை. இரவெல்லாம் சாத்திக் கிடந்த வாயைக் காலையில் முதன்முதலில் திறக்கும்போது வருகிற நாற்றம். புளித்த, வெதுவெதுப்பான, கொஞ்சம் இனிப்பான நாற்றம். அதுவும் ஒரு வாயில்லை, வெற்றிலை வாய், புகையிலை வாய், சீழ் பிடித்த வாய், பட்டினி கிடந்த வாய் என்று அடுக்கடுக்காக, வரிசையில் நிற்கிற மாதிரி.

கட்டை விரலால் அந்தச் சிவப்பை அழுத்தினார். அமுங்கியது. விரலை எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மெல்லச் சிவப்பு திரும்பி வந்து அந்த வெள்ளையை நிரப்பியது.

ஈறு அப்படித்தான் செய்யும். ரத்தம் ஓடுகிற ஈறு. அவர் வார்த்த ஆயிரக்கணக்கான ஈறுகளில் ஒன்றுகூட அப்படிச் செய்ததில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி எடுத்தார். ரொட்டியை மென்றபோது, அது ஏற்கெனவே யாரோ மென்ற மாதிரி இருந்தது.

மாதிரி செய்கிற குழுவில் கண்டக்டர்தான் அவருக்கு நெருக்கம். பேருந்தில் முப்பது வருஷம் சீட்டுக் கிழித்தவர். எதைச் சொன்னாலும் பேருந்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். பல்செட்காரர் அவருக்குப் போன் போட்டு, பிளாஸ்டிக் இளகுகிறது என்று மட்டும் சொன்னார். ஈறு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் குழு முழுக்க விசில் பறக்கும்.

"டாக்டரே, எட்டு பேரை ஏத்திக்கிட்டு டோரை மூடிட்டீங்க," என்றார் கண்டக்டர். "உள்ள ஆவி தங்கிப்போச்சு. மூச்சு முட்டும்ல? ஒரு ஓட்டை போட்டு விடுங்க, எறங்குறவங்க எறங்கட்டும்."

நியாயமான யோசனைதான். துளைக்கருவியில் மிக மெல்லிய முனையை மாட்டி, டாங்கியின் அடிவயிற்றில் வைத்தார். பிளாஸ்டிக்கைத் துளைத்தால் கீச்சிடும், வெள்ளைச் சுருள் வரும். இது கீச்சிடவில்லை. முனை சத்தமில்லாமல் இறங்கியது. இறங்கியதும் உள்ளேயிருந்து காற்று வந்தது. புஸ்ஸென்று ஒரு தடவை வந்து நிற்கிற காற்றில்லை. வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது. மறுபடி வந்தது. அவர் மூக்குக்கு நேரே, சூடாக, ஈரமாக. வெளியே இழுத்த முனையில் மஞ்சளாக ஒரு கொழகொழப்பு தொங்கியது. அதில் இரண்டு பருக்கை.

அவர் செய்து வைத்த பருக்கைதான். ஆனால் வார்னிஷில் செய்தது. காய்ந்தது. வாசனையில்லாதது.

நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குமட்டிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை மனைவி போன் செய்தாள். மூக்கு அடைத்த மாதிரிப் பேசுகிறாரே, ஜுரமா என்று கேட்டாள். இல்லை என்றார். சாப்பிட்டாரா என்றாள். ஆயிற்று என்றார். பிறகு, அக்கா வீட்டில் தனக்குத் தூக்கமே வருவதில்லை, யாரும் குறட்டை விடுவதில்லை என்று, குற்றம் சொல்கிற குரலில் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்த கையோடு டாங்கியைப் பழைய துணியில் சுருட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்குப் போனார்.

தொட்டிமேல் நீட்டிய கை அங்கேயே நின்றது. துணிக்குள்ளே யாரோ இருமினார்கள். சின்ன இருமல். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முறைக்குக் காத்திருக்கிறவர் இருமுகிற மாதிரி, மரியாதையான இருமல். அடுத்து இன்னொருவர். அதற்கடுத்து இன்னொருவர்.

எறியக் கூடாது. உடம்புதான் வரவில்லை, வாய் காத்திருக்கிறது.

திரும்பக் கொண்டுவந்தார். மனைவி வந்து சேரட்டும், வீடு ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு குழி தோண்டி முறையாக வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். பிஸ்கட் டப்பாவில் பாதி பினாயில் ஊற்றி, அதற்குள் டாங்கியை முக்கி, மூடியை அமுக்கி, மூடிமேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். டப்பாவைச் சமையலறைக்கு அப்பால் பின்கட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து கழுவினார். தரை, சுவர், கதவு, ஜன்னல் கம்பி. பாட்டில்களைக் கொட்டினார். திரைச்சீலைகளைத் துவைத்தார். எலுமிச்சைத் தோலைக் கொதிக்க வைத்து அறை அறையாக ஆவி பிடிக்க வைத்தார். வீட்டுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். நாற்றம் போகவில்லை. சுவரில் முகத்தை வைத்தால் இருந்தது. தலையணையில் இருந்தது. கொதிக்கிற எலுமிச்சைக்கு அடியில் இருந்தது. மத்தியானம் இடுப்பு விட்டுப்போயிற்று. தோற்றவன் மாதிரிக் கட்டிலில் சாய்ந்து, செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். பத்தே நிமிஷம் என்று கண்ணை மூடினார்.

கனவில் கூழாங்கல் சாலையில் வண்டி ஒன்று வந்துகொண்டே இருந்தது.

விழித்தபோது மணி நாலரை. மழை விட்டிருந்தது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று படுத்தபடியே யோசித்தார். பிறகு புரிந்தது. நாற்றம் இல்லை. எழுந்து மூச்சை இழுத்தார். எலுமிச்சை. ஈர மண். அவ்வளவுதான். சுவரில் மூக்கை வைத்தார். சுண்ணாம்பு. அவருக்கு வந்த சந்தோஷத்தில் கட்டிலையே கட்டிப்பிடித்திருப்பார்.

தொண்டை மட்டும் கனத்தது. வறட்சி என்று நினைத்தார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் பின்கட்டுக் கதவைப் பார்த்தார். சாத்திய கதவுதான். அதன் அடியில் விரலளவு சந்து.

திறந்தார்.

இஸ்திரிப் பெட்டி பக்கவாட்டில் கிடந்தது. டப்பாவின் மூடி திறந்திருந்தது. பினாயில் அப்படியே இருந்தது. டாங்கி இல்லை.

டப்பாவின் ஓரத்தில் ஈரம். இரண்டு கோடு. இணையாக. கோட்டுக்குள்ளே குறுக்குக் குறுக்காகச் சின்னச் சின்னப் பள்ளம். பட்டைத் தடம்.

கதவுச் சந்துவழியே வந்திருந்தது. சமையலறையைக் கடந்திருந்தது. காலையில் அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரையில், எச்சில் மாதிரிப் பளபளத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் தயங்காமல், கூடம் தாண்டி, படுக்கையறைக்குள். கட்டில் கால். கட்டில் காலில் மேல்நோக்கி. போர்வை. போர்வை மடிப்பில் ஏறி, இறங்கி. தலையணை.

அவர் தலை அழுந்திய குழி.

அதற்கு மேல் தடமில்லை.

தலையணையைப் புரட்டினார். இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. போர்வையை உதறினார். இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.

வாசல் மணி அடித்தது.

தலையணையைக் கவிழ்த்துப் போட்டார். துணியால் கூடத்தைத் துடைத்தபடியே முட்டிபோட்டு நகர்ந்தார். கிண்ணத்திலிருந்து செட்டை எடுத்து வாயில் மாட்டினார். பொருந்தவில்லை. தன் வாய்க்குத் தானே கட்டிய செட்; பதினோரு வருஷமாகச் சொடுக்கென்று உட்காருகிற செட். அடியில் எதுவோ வழுக்கியது. அமுக்கி மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

மனைவி கையில் பெட்டியோடு வாசலில் நின்றாள். உள்ளே வராமல், கண்ணை மூடி, அந்தப் பேர்போன மூக்கை உயர்த்தினாள். அவள் ஒரு படி ஏறினாள். இன்னொரு தடவை மோந்தாள். கூடத்துக்கு வந்தாள். படுக்கையறைக் கதவில் நின்று மோந்தாள். முகம் மெல்ல அவிழ்ந்தது.

"என்னங்க, ஒண்ணுமே நாறலையே," என்றாள். "நெஜமாவே தூக்கிப் போட்டுட்டீங்களா?"

வாயைத் திறக்காமல் தலையாட்டினார்.

"அதை வாயைத் தொறந்துதான் சொல்றது." சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். பதினைந்து நாள் கழித்துக் கிட்டே வந்தாள்.

வாயைத் திறந்தார்.

சிரிப்பு அவள் உதட்டிலேயே காய்ந்தது. பெட்டியை இன்னும் கீழே வைத்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கை மூடினாள். ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி. கண் மட்டும் அவர் வாயை விட்டு நகரவில்லை.

"உள்ள யாருங்க இருமுறது?"

அவர் இருமவில்லை.

குளியலறைக்கு ஓடினார். கண்ணாடி. விளக்கு. செட்டைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்தார். வாயைத் திறந்தார். அடுத்தவன் வாயை எட்டிப் பார்க்கிற மாதிரி, நாற்பத்தோரு வருஷப் பழக்கத்தில், விரலால் உதட்டை விலக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

நாக்கின் நுனியில் ஆரம்பித்திருந்தது. இரண்டு கோடு. இணையாக. குறுக்குக் குறுக்காக வெளுத்த பள்ளம். சிவப்பு அங்கே திரும்பி வரவில்லை. நடு நாக்கைத் தாண்டி, அடி நாக்கைத் தாண்டி, இருட்டுக்குள்.

உள்ளே போன தடம் மட்டும்.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போகாதே என்று கூப்பிட மூச்சை இழுத்தார். மூச்சு உள்ளே போகவில்லை. அடியில், மிக ஆழத்தில், எஞ்சின் உறுமியது. தொண்டையின் விளிம்பில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. நகத்தளவு. உள்நாக்கை ஒரு கையால் பற்றிக்கொண்டு, வெளிச்சத்துக்கு ஏறி வந்தது. அவருடைய அடி நாக்கின்மேல் நின்று, முட்டியில் கை ஊன்றி, குனிந்து, அவர் ஊசி முனையால் திறந்து வைத்த வாயை இன்னும் பெரிதாகத் திறந்தது.

மஞ்சளாக. வெதுவெதுப்பாக. அவர் நாக்கின்மேல்.

அதன் பின்னால், விளிம்பில், இன்னும் ஏழு கைகள்.